விசா பத்து வருஷம்... தங்க அனுமதி ஆறே மாசம்! அமெரிக்காவில் 'ஸ்டேட்டஸ்' மாற்றுவதில் இருக்கும் சிக்கல்கள்

உங்கள் அக்காவோ, அண்ணனோ, சித்தி பையனோ அமெரிக்காவில் இருந்தால் இந்த உரையாடல் உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு தடவையாவது ஓடியிருக்கும்.

"அம்மா எப்போ திரும்புறாங்க?"

"டிக்கெட் ஜூலைக்குப் போட்டிருக்கு. ஆனா குழந்தை ரொம்ப ஒட்டிக்கிச்சு. இன்னும் மூணு மாசம் இருக்கட்டுமேன்னு பார்க்குறோம்."

"இருக்கலாமா?"

"ஏன், பாஸ்போர்ட்ல பத்து வருஷத்துக்கு விசா குத்தியிருக்கானே!"

இந்தக் கடைசி வரிதான் ஆபத்து. பத்து வருஷ விசா இருக்கிறது என்பது உண்மை. அதை வைத்துப் பத்து வருஷம் தங்கலாம் என்பது மட்டுமல்ல, கூடுதலாகப் பத்து நாள் தங்கலாம் என்பதுகூடப் பொய். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் தங்கிவிட்டு, அடுத்த பேரன் பிறக்கும்போது விசா கிடைக்காமல் வீடியோ காலிலேயே பெயர் வைக்கும் விழாவைப் பார்க்கிற பாட்டிகள் நிஜமாகவே இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

விசா வேற, ஸ்டேட்டஸ் வேற

விசா என்பது கதவைத் தட்டுவதற்கான அனுமதி. அவ்வளவுதான். சென்னையில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம் தருவது அதைத்தான். விமான நிலையத்தில் இறங்கியதும் கவுன்ட்டரில் இருக்கும் குடியேற்ற அதிகாரிதான் கதவைத் திறக்கிறார். எத்தனை நாள் உள்ளே இருக்கலாம் என்று முடிவு செய்வதும் அவர்தான்.

அவர் கொடுக்கும் தேதி பதிவாகும் ஆவணத்தின் பெயர் ஐ-94. சுற்றுலா மற்றும் உறவினர் சந்திப்புக்கான பி-2 விசாவில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் கொடுப்பார்கள். ஜனவரி 10-ம் தேதி இறங்கினால், ஜூலை 9 வரை. விசா 2034 வரை இருந்தாலும் சரி, ஜூலை 9-தான் கணக்கு. பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியாகிறது என்றால் அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவதும் உண்டு. ஆகவே, கிளம்புவதற்கு முன்பே அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள்.

முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, தேதியைக் கையால் எழுதித் தருவார்கள். இப்போது பல விமான நிலையங்களில் முத்திரை குத்துவதையே விட்டுவிட்டார்கள். அதனால் அம்மா இறங்கி, ஜெட் லேக்கில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் அமெரிக்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஐ-94 இணையதளத்தில் போய், பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு அந்தத் தாளை டவுன்லோடு செய்துவிட வேண்டும். இலவசம்தான். பெயரில் எழுத்து மாறியிருக்கிறதா, விசா வகை சரியா என்று பாருங்கள். நம் ஊர் இனிஷியல் முறை அந்த ஊர் கம்ப்யூட்டருக்குப் புரியாமல், அப்பா பெயர் அம்மா பெயராக ஏறிக் கிடப்பதெல்லாம் சகஜம்.

இந்த ஐ-94 தேதியைத் தள்ளிப்போடுவதற்குப் பெயர் 'எக்ஸ்டென்ஷன்'. சுற்றுலாப் பயணி என்பதை மாணவர் என்றோ, வேலை செய்பவர் என்பதைப் பார்வையாளர் என்றோ உள்ளே இருந்தபடியே மாற்றிக்கொள்வதற்குப் பெயர் 'சேஞ்ச் ஆஃப் ஸ்டேட்டஸ்'. பார்வையாளராகவோ மாணவராகவோ ஆவதற்கு இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம்தான்: ஐ-539. அதைப் பரிசீலிப்பது யு.எஸ்.சி.ஐ.எஸ் என்ற குடியேற்றச் சேவை அமைப்பு. வேலை விசாவுக்கு மாறுவது மட்டும் தனிக் கதை. அதற்கு நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

அம்மாவுக்கு எக்ஸ்டென்ஷன் போடுவது எப்படி?

முதல் விதி: ஐ-94 தேதி முடிவதற்குள் விண்ணப்பம் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 45 நாள்களுக்கு முன்பே போடச் சொல்கிறது யு.எஸ்.சி.ஐ.எஸ். ஜூலை 9 என்றால், மே 25 வாக்கில். 'நாளைக்குப் போட்டுக்கலாம்' என்று இழுத்து, ஜூலை 8-ம் தேதி ராத்திரி நெட் வேலை செய்யாமல் போனால் அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கட்டணம், 2024 ஏப்ரலில் அமலான மாற்றத்தின்படி, ஆன்லைனில் 420 டாலர், தாளில் நிரப்பி அனுப்பினால் 470 டாலர். விரல் ரேகைக்கு என்று தனியாக வாங்கிக்கொண்டிருந்த 85 டாலரை 2023 அக்டோபரிலேயே எடுத்துவிட்டார்கள். கணவன் மனைவி இருவரும் போயிருந்தால் ஒருவரை முதன்மை விண்ணப்பதாரராகவும், மற்றவரை ஐ-539ஏ என்ற இணைப்புப் படிவத்திலும் சேர்த்து ஒரே கட்டணத்தில் முடிக்கலாம். ஆனால் அம்மாவும் மாமியாரும் சேர்ந்து போயிருக்கிறார்கள் என்றால் தனித்தனி விண்ணப்பம்தான். அங்கே சம்பந்தி உறவெல்லாம் செல்லாது.

அடுத்தது காரணம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'இன்னும் கொஞ்ச நாள் இருக்க ஆசை' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால் போதாது. ஏன் ஆறு மாதத்துக்குள் கிளம்ப முடியவில்லை, கூடுதலாக எத்தனை நாள் வேண்டும், அந்த நாள்களில் என்ன செய்யப் போகிறார்கள், எப்போது திரும்புவார்கள், அதுவரை செலவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு கடிதம் வேண்டும். கூடவே வங்கி இருப்பு, மகனோ மகளோ செலவை ஏற்பதாகச் சொல்லும் கடிதம், ஊரில் வீடு, ஓய்வூதியம், பிற பிள்ளைகள் என்று திரும்பி வருவதற்கான காரணங்கள், புதிய தேதிக்கு மாற்றிய ரிட்டர்ன் டிக்கெட். முழங்கால் வலிக்கு டாக்டர் பயணம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த டாக்டரின் கடிதம்.

குழந்தை பார்த்துக்கொள்ளும் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பி-2 என்பது சொந்தபந்தங்களைப் பார்க்க, ஊர் சுற்ற, மருத்துவம் பார்க்க. வேலை செய்ய அல்ல. பேத்தியைக் கொஞ்சுவது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது எல்லாம் வேலை ஆகாதுதான். ஆனால் 'டே கேர் செலவு அதிகம், அதனால் அம்மாவை வரவழைத்தோம்' என்பதுபோல எழுதினால், பார்க்க வந்தவரா, வேலைக்கு வந்தவரா என்ற கேள்வி அதிகாரிக்கு வந்துவிடும். அதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. பொய் எழுதினால் அது இதைவிடப் பெரிய வம்பு. உண்மையான காரணம் டே கேர் செலவு மட்டும்தான் என்றால், எக்ஸ்டென்ஷன் கேட்பது சரியா என்றே ஒரு முறை யோசிக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். விண்ணப்பதாரர் நீங்களோ உங்கள் அக்காவோ இல்லை. அம்மாதான். 'இதில் உள்ளதெல்லாம் உண்மை' என்று கையெழுத்துப் போடுவதும் அவர்தான். பிரசவ லேகியத்தோடு போய் இறங்கி, கார் ஓட்டத் தெரியாமல், பக்கத்து வீட்டில் பேச ஆளில்லாமல், ஆறு மாதம் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தவர் அவர். படிவத்தைத் திறப்பதற்கு முன், "உனக்கு இருக்கணும்னு இருக்காம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பல வீடுகளில் இந்தக் கேள்வியே கேட்கப்படுவதில்லை. ஊரில் தனியாக இருக்கும் அப்பாவின் சுகர் மாத்திரையும் இந்தக் கணக்கில் சேரும். அவரது மருத்துவக் காப்பீட்டையும் புது தேதி வரை நீட்டிக்க வேண்டும். அந்த ஊரில் காப்பீடு இல்லாமல் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால், டிக்கெட் காசெல்லாம் சில்லறையாகத் தெரியும்.

விண்ணப்பம் போனதும் ஐ-797சி என்ற ரசீது வரும். முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை என்ன நிலைமை? தேதி முடிவதற்குள், நியாயமான காரணத்தோடு விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை தங்கியிருப்பதை அனுமதியோடு தங்கும் காலமாகவே கருதுகிறார்கள். கிடைத்தால் ஒரு முறைக்கு அதிகபட்சம் ஆறு மாதம். மொத்தமாகப் பார்த்தால் பொதுவாக ஒரு வருஷம்தான் எல்லை. மறுத்துவிட்டால், மறுநாளே டிக்கெட் பார்க்க வேண்டியதுதான்.

நிறைய பேருக்கு நடப்பது என்னவென்றால், கேட்ட மூன்று மாதமும் முடிந்து அம்மா ஊருக்கே வந்துவிடுவார். அப்புறம்தான் முடிவு வரும். இதில் தப்பில்லை. ஆனால் அந்த ரசீதையும், திரும்பிய விமானத்தின் போர்டிங் பாஸையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது, "போன தடவை ஏன் ஆறு மாசத்துக்கு மேல இருந்தீங்க?" என்ற கேள்வி வந்தால் அவர் நீட்ட வேண்டியது அதைத்தான். ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்த இரண்டே மாதத்தில் மறுபடி போய் இறங்கினால், இங்கேயே குடியிருக்கிறாரோ என்ற சந்தேகம் அதிகாரிக்கு வரும். விசா இருந்தாலும் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு.

விண்ணப்பிக்காமலே தங்கிவிட்டால்?

ஒரு நாள் தாண்டினாலும், அந்தப் பத்து வருஷ விசா தானாகவே செல்லாததாகிவிடும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 180 நாள்களுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால், மூன்று வருஷம் உள்ளே வரத் தடை. ஒரு வருஷமோ அதற்கு மேலோ என்றால், பத்து வருஷம். 65 வயது அப்பாவுக்குப் பத்து வருஷத் தடை என்றால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

லே ஆஃப் ஆனவர்களுக்கு 60 நாள்

ஸ்டேட்டஸ் மாற்றம் என்ற வார்த்தை நம் வயதுக்காரர்களிடம் பரவலானது 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும்தான். மெட்டா 11,000 பேர், அமேசான் 18,000 பேர், கூகுள் 12,000 பேர் என்று வரிசையாக ஆள்குறைப்பு அறிவித்தார்கள். ஹெச்-1பி அனுமதி பெறுபவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள். காலையில் லேப்டாப்பைத் திறந்தால் லாகின் ஆகவில்லை. பெர்சனல் மெயிலில் ஒரு கடிதம். அந்த நாளிலிருந்து ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

ஹெச்-1பி என்பது அந்த வேலையோடு கட்டப்பட்ட அனுமதி. வேலை போனால் ஸ்டேட்டஸும் போகும். 2017 ஜனவரியில் வந்த விதிமுறைதான் 60 நாள் அவகாசத்தைக் கொண்டுவந்தது. ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால், அதுவரைதான் அவகாசம். சம்பளம் கொடுக்கப்பட்ட கடைசி நாளுக்கு மறுநாளிலிருந்து பொதுவாக எண்ணுகிறார்கள். நான்கு மாத 'செவரன்ஸ்' பணம் கைக்கு வந்தாலும், கடிகாரம் அதற்காக நிற்காது. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு நாளைத் தவறவிட்டவர்கள் உண்டு.

இந்த 60 நாளில் இருக்கும் வழிகளில் ஆகச் சிறந்தது, புது நிறுவனம் ஹெச்-1பி விண்ணப்பத்தைத் தாக்கல் செய்வது. அப்படித் தாக்கல் செய்தாலே போதும், அனுமதி வருவதற்கு முன்பே அங்கே வேலையைத் தொடங்கலாம். ஏற்கெனவே குலுக்கலில் தேர்வானவர் என்பதால், மறுபடி குலுக்கலுக்குப் போக வேண்டியதும் இல்லை. துணைவருக்கு ஹெச்-1பி இருந்தால் ஹெச்-4க்கு மாறலாம். கல்லூரியில் சேர்ந்து எஃப்-1க்கு மாறலாம். எதுவும் அமையவில்லை என்றால், பி-2க்கு மாறக் கேட்கலாம்.

இந்தக் கடைசி வழிதான் பலருக்குக் கை கொடுத்தது. 60 நாளுக்குள் ஐ-539 போட்டுவிட்டால், முடிவு வரும்வரை நாட்டில் இருக்கலாம். வீட்டைக் காலி செய்ய, காரை விற்க, பிள்ளையின் பள்ளி ஆண்டு முடிய, கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். பி-1, பி-2 ஸ்டேட்டஸில் வேலை தேடலாம், இன்டர்வியூவுக்குப் போகலாம் என்று 2023 மார்ச்சில் யு.எஸ்.சி.ஐ.எஸ்ஸே தெளிவுபடுத்தியது. ஆனால் வேலை செய்யக் கூடாது. இங்கே இருந்துகொண்டு இந்தியக் கம்பெனிக்கு 'ஃப்ரீலான்ஸ்' செய்வதெல்லாம் கத்தி மேல் நடப்பதுதான்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. 60 நாள் தாண்டிய பிறகு, பி-2 விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வேலை கிடைத்தால், முன்பு சொன்னதுபோலத் தாக்கல் செய்த உடனே வேலையில் சேர முடியாது. அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டும். பி-2 மறுக்கப்பட்டால், வெளியே போய் மறுபடி நுழைய வேண்டிய நிலையும் வரலாம்.

வெளியே போவது என்பது முன்பு செலவு, அலைச்சல் என்ற அளவில்தான் இருந்தது. 2025 செப்டம்பருக்குப் பிறகு நிலைமை வேறு. புதிய ஹெச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அதிபர் ட்ரம்ப் அறிவித்தார். செல்லுபடியாகும் ஹெச்-1பி விசா இல்லாமல் நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான விண்ணப்பங்கள் இதில் அடிபடும். உள்ளே இருந்தபடியே ஸ்டேட்டஸ் மாறுபவர்களுக்கு இது பொருந்தாது என்று அக்டோபரில் விளக்கம் வந்தது. உள்ளேயே இருப்பதற்கான மதிப்பு ஒரே மாதத்தில் எங்கேயோ போய்விட்டது. படிப்பு முடித்த மாணவர் எஃப்-1லிருந்து ஹெச்-1பிக்கு உள்ளேயே மாறினால் தப்பித்தார். அந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தால், அந்தத் தப்பித்தல் போச்சு. ஸ்டேட்டஸ் மாற்றம் கேட்டுவிட்டு நாட்டைவிட்டு வெளியேறினால், அந்தக் கோரிக்கையைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். இது எல்லா வகைக்கும் பொருந்தும்.

ஒரு சின்ன ஆறுதல் தகவல்: ஹெச்-1பி காலம் முடிவதற்குள் நிறுவனமே வேலையைவிட்டு நீக்கினால், ஊழியர் நாடு திரும்பும் நியாயமான பயணச் செலவை அந்த நிறுவனம் கொடுக்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும்.

சுற்றிப்பார்க்க வந்து மாணவர் ஆகலாமா?

ஆகலாம். சட்டத்தில் இடமிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் இடம் வாங்கி, அவர்கள் தரும் ஐ-20 படிவத்தோடு, 350 டாலர் செவிஸ் கட்டணமும் கட்டி, ஐ-539 போட வேண்டும். எஃப்-1 அனுமதி வரும்வரை வகுப்பில் உட்காரக் கூடாது. பி-2லேயே படிக்கத் தொடங்கினால், அதுவே விதிமீறல். அதுவரை பி-2 ஸ்டேட்டஸும் சரியாக இருந்திருக்க வேண்டும்.

வந்து இறங்கிய உடனே இதைச் செய்தால், 'சுற்றிப்பார்க்க என்று சொல்லி விசா வாங்கியதே பொய்யா?' என்று கேட்பார்கள். நுழைந்த 90 நாள்களுக்குள் நோக்கத்துக்கு மாறாக நடந்தால் சந்தேகப்படலாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு வழிகாட்டுதலே வைத்திருக்கிறது. பொய் சொல்லி விசா வாங்கியதாக முடிவு செய்துவிட்டால், அந்தத் தடைக்குக் காலவரம்பே கிடையாது.

ஸ்டேட்டஸ் மாறிவிட்டாலும் பாஸ்போர்ட்டில் இருப்பது பழைய பி-2 விசாதான். ஒரு முறை பொங்கலுக்கு ஊருக்கு வந்தால், திரும்பிப் போக எஃப்-1 விசாவுக்கு முதலிலிருந்து தூதரகத்தில் நிற்க வேண்டும். ஆகவே படிக்கத்தான் ஆசை என்றால், சென்னையிலேயே மாணவர் விசா வாங்கிப் போவது நிம்மதி என்பது என் கருத்து.

தங்குவதற்காக மட்டும் ஏதோ ஒரு கல்லூரியில் பெயரைப் பதிவு செய்துகொள்பவர்கள் ஃபார்மிங்டன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. மிச்சிகனில் 'ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்' என்று ஒன்று இருந்தது. வெப்சைட் இருந்தது, கட்டணம் இருந்தது. வகுப்பு இல்லை, ஆசிரியரும் இல்லை. அதை நடத்தியது அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையேதான், பொறிவைப்பதற்காக. 2019 ஜனவரி இறுதியில் 130 மாணவர்களைப் பிடித்தார்கள். அதில் 129 பேர் இந்தியர்கள். 'பல்கலைக்கழகமே பொய்யென்று எங்களுக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்வி நியாயமாகத் தோன்றலாம். வகுப்பே இல்லாமல் எப்படி மாணவர் ஆனீர்கள் என்பது அவர்களின் பதில் கேள்வி.

எல்லோராலும் மாறவும் முடியாது. விசா இல்லாமலே நுழையும் சலுகை பெற்ற நாட்டுக்காரர்கள், கப்பல் மற்றும் விமானப் பணியாளர்கள், திருமணம் செய்துகொள்ள வரும் கே-1 விசாக்காரர்கள் ஆகியோருக்கு இந்த வழி மூடியே இருக்கிறது. சில ஜே-1 பரிமாற்றத் திட்டங்களில் போனவர்கள், முதலில் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்துவிட்டு வர வேண்டும்.

மற்ற நாடுகளில்?

அமெரிக்கக் கணக்கை அப்படியே வேறு ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். பிரிட்டனில் பார்வையாளராக நுழைந்தவர் உள்ளே இருந்தபடி மாணவராகவோ ஊழியராகவோ மாற முடியாது. கனடாவில் தேதி முடிவதற்குள் நீட்டிப்பு கேட்டால், முடிவு வரும்வரை இருக்கலாம். தவறவிட்டால்கூட 90 நாளுக்குள் ஸ்டேட்டஸை மீட்கக் கேட்க ஒரு வாய்ப்பு உண்டு. ஆஸ்திரேலிய விசாவில் 8503 என்ற எண் இருந்தால், அங்கிருந்தபடியே பெரும்பாலான வேறு விசாக்களுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் 180 நாளில் 90 நாள்தான்.

வளைகுடா பக்கம் இது இன்னும் கொடுமை. "விசிட் விசாவுல ஏறிடு தம்பி, அங்க போனதும் வேலை விசாவா மாத்திக்கலாம்" என்பது ஏஜென்ட்டுகள் வழக்கமாகச் சொல்லும் வசனம். மாற்றித் தர வேண்டியது வேலை கொடுக்கும் நிறுவனம், ஏஜென்ட் இல்லை. அந்த நிறுவனமே இல்லையென்றால் மாறுவதற்கு எதுவும் இல்லை. அமீரகத்தில் காலம் தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். கடன் வாங்கிப் போனவருக்கு, வட்டியும் இதுவும் சேர்ந்து ஓடும். எழுத்தில் வேலை ஒப்பந்தமும் வேலைக்கான விசாவும் கையில் வராமல் விமானம் ஏறாதீர்கள்.

அமெரிக்க விண்ணப்பத்துக்கு வழக்கறிஞர் கட்டாயமா என்று கேட்டால், நேரடியான பெற்றோர் எக்ஸ்டென்ஷனுக்குத் தேவையில்லை. படிவம் அரசு இணையதளத்திலேயே இருக்கிறது. படிவத்துக்கென்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். லே ஆஃப், ஏற்கெனவே ஒரு மறுப்பு, தேதி தாண்டியது, இப்படி ஏதாவது இருந்தால் மட்டும் குடியேற்ற வழக்கறிஞரிடம் போங்கள். வாட்ஸ்அப் குரூப்பில், "எங்க மாமாவுக்கு ஒண்ணும் ஆகலையே" என்பவரை நம்பிப் போகாதீர்கள். மாமாவின் ஐ-94 வேறு. இன்று ராத்திரி அங்கே விடிந்ததும் அக்காவுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்: "அம்மாவோட ஐ-94ல என்ன தேதி இருக்கு?"